மேய்ச்சல் நிலமும் ஐந்தாம் அதிசாரமும்

அகிம்சாணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கிடைக்காமல் தடுத்தல் என்பன அவை. ஆசிரியப் பணியில் இருந்த காலத்து, விடுமுறை நாள்களில் எம் ஊர் ஜினாலயத் திண்ணையில் அமர்ந்து சிறுவர்க்கு இவற்றைச் சொல்லிக்கொடுப்பது எம் வழக்கம். முதல் நான்கிற்கும் எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்கும். வண்டி மாட்டையும் தார்க்கோலையும் காட்டினால் போதும். ஐந்தாவதை மட்டும் விரைந்து கடந்துவிடுவோம். தன் மாட்டிற்குத் தீனி இடாதவன் உழவன் ஆவானோ, இதற்கு ஒரு விலக்கும் வேண்டுமோ என்பதே எம் எண்ணமாக இருந்தது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைப் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டில், 2011-இல், அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தில் கற்றோம். அதனை ஈண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் இன்று அயல்நாடுகளில் வாழ்கின்றனர். கையில் பொருள் சேர்ந்ததும் மண் வாங்குகின்றனர். மண்ணை விடாத குலம் நம்முடையது. மண்ணோடு வரும் வினாக்களும் நம்மை விடா.

எம் தங்கையின் மகன் ஆஸ்டின் நகரில் கணினித் தொழிலில் உள்ளான். அந்நகருக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தொலைவில் 40 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கியிருந்தான். எம்மை அழைத்துச் சென்று காட்ட அவனுக்கு மிகுந்த ஆவல். வந்தவாசிப் பக்கத்தில் தன் பாட்டனார் விற்றுவிட்ட காணிக்கு ஈடாக இதை வாங்கியதாகச் சொல்லிக்கொள்வான். யாம் சென்றது ஆகஸ்டு மாதம். அந்நாட்டுக் கோடையில் இரவு 8 மணிக்கு மேல்தான் கதிரவன் மறைகிறான். பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பினர்க்கு இத்துணை வசதியான நாடு பிறிதில்லை என்று நகைத்துக்கொண்டே வண்டி ஏறினோம். நிலத்தைக் கண்டதும் நகைப்பு அடங்கிவிட்டது.

2010 அக்டோபர் முதல் 2011 செப்டம்பர் வரையிலான 12 மாதங்கள், 1895 முதல் எழுதிவைக்கப்பட்ட மழைக் கணக்கில் டெக்சாஸ் கண்ட மிக வறண்ட 12 மாதங்கள். ஆஸ்டின் நகரில் மட்டும் அவ்வாண்டில் 90 நாள்கள் வெப்பம் 100 பாகை பாரன்ஹீட்டைத் தொட்டது. அவ்வறட்சியில் அம்மாநிலத்தில் பட்டுப்போன மரங்கள் ஏறத்தாழ 30 கோடி எனப் பின்னர் வனத்துறையினர் கணக்கிட்டனர். யாம் ஊர் திரும்பிய பின், செப்டம்பர் 4-ஆம் நாள், அண்டைப் பகுதியான பாஸ்ட்ராப்பில் மூண்ட காட்டுத்தீ 1,600-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது.

அவன் நிலத்தில் புல் என்று சொல்வதற்கு எதுவுமில்லை. காலடியில் நொறுங்கிய சருகை எடுத்துப் பார்த்தபோது கணுக்களைக் கண்டு திகைத்தோம். நம் வரப்பில் படரும் அருகம்புல்! அங்கே அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். அதன் ஒட்டுவகைகளே அந்நாட்டு மேய்ச்சல் நிலங்கள் பலவற்றில் பரப்பப்பட்டுள்ளன. வேலியோரத்தில் மட்டும் சோளத்தின் உறவான ஒரு களைப்புல் சற்றுப் பசுமையாக நின்றது. வாடிய இளஞ்சோளத்தை மாடு தின்றால் நஞ்சேறி வீழும் என்பதை நம் உழவர் அறிவர், அப்புல்லும் அவ்வாறே. பசித்த மாட்டிற்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்? நிலத்தின் நடுவே குட்டை ஒன்று. நீர் வற்றி, விளிம்பெல்லாம் சேறு. சேற்றைத் தாண்டி நீரை எட்ட முயன்று, கால் புதைந்து எழ மாட்டாமல் மாடுகள் மடிவது அவ்வாண்டில் பல இடங்களில் நிகழ்ந்தது. குட்டைக் கரையில் எட்டுப் பசுக்கள் நின்றன. சிலவற்றின் பக்கத்தில் கன்றுகள். விலா எலும்புகளைத் தொலைவிலிருந்தே எண்ணலாம். சப்பாத்திக்கள்ளியின் முள்ளைத் தீயால் பொசுக்கி அவற்றிற்குத் தீனியாகப் போட்டிருந்தார்கள்.

மாடுகள் யாருடையவை என்று கேட்டோம். பக்கத்துப் பண்ணைக்காரருடையவை என்றான். அவர் மூன்று தலைமுறையாக மாடு வளர்ப்பவர். இவன் நிலத்தை மேய்ச்சல் குத்தகைக்கு எடுத்தவர். சூன் மாதத்திலேயே, மாடுகளின் மேனியில் கொஞ்சம் சதை இருக்கும்போதே அவற்றை வெளியேற்றிவிட அவர் விரும்பியிருக்கிறார். நிறுத்தியவன் எம் பிள்ளை.

“வரி இருக்கிறது பெரியம்மா. இந்த நிலத்தில் மாடு நிற்காவிட்டால் வேளாண் நிலம் என்ற தகுதி போய்விடும். ஆண்டு முடியும்வரை எப்படியாவது நிற்கட்டும் என்று குத்தகையைக் குறைத்துக்கொண்டேன். மாடு என்னுடையது அல்ல. நான் வளர்க்கவில்லை, விற்கவில்லை, உண்ணவில்லை. புல்லைத்தானே கொடுத்தேன்?”

“எந்தப் புல்லைக் கொடுத்தாய்?” என்று கேட்டோம். அவன் விடை கூறவில்லை.

அவன் சொன்ன வரியை விளக்கவேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. நிலத்தின் மீதும் வீட்டின் மீதும் விதிக்கும் சொத்து வரியே உள்ளூர்ச் செலவுகளைத் தாங்குகிறது. அதில் பெரும்பங்கு பள்ளிகளுக்குச் செல்வது. நகரம் விரிய விரிய நிலத்தின் சந்தை விலை ஏறும். அவ்விலைக்கு வரி கேட்டால் உழவன் நிலத்தை விற்றுவிட்டு ஓடவேண்டியதே. ஆதலின், 1978-இல் அம்மாநில அரசியல் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவின்படி, உழவுக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படும் நிலத்தை, அது விலைபோகும் தொகைக்கன்றி, அது விளைவிக்கும் தொகைக்கே மதிப்பிடுகின்றனர். ஐந்தாண்டுச் சராசரி நிகர வருவாயிலிருந்து அம்மதிப்பைக் கணிப்பர். ஏக்கர் ஆயிரக்கணக்கான டாலர் விலைபோகும் நிலம், மேய்ச்சல் நிலமாக மதிக்கப்படும்போது நூறு டாலரை ஒட்டியே நிற்கும். உழவனைக் காக்க எழுந்த நல்ல சட்டம் என்பதில் எமக்கு ஐயமில்லை.

அதற்கு நிபந்தனைகள் உண்டு. முந்தைய ஏழாண்டுகளில் ஐந்தாண்டுகளேனும் நிலம் வேளாண்மையில் இருந்திருக்கவேண்டும். அதுவும் அவ்வட்டாரத்தில் வழக்கமாக உள்ள அளவிற்கு நடந்திருக்கவேண்டும். இத்தனை ஏக்கருக்கு இத்தனை மாடு என ஒவ்வொரு வட்டார மதிப்பீட்டு அலுவலகமும் ஓர் அளவு வைத்துள்ளது. நிலத்தில் கடையோ குடியிருப்போ எழுப்பி வேளாண்மையைக் கைவிட்டால் பழைய ஆண்டுகளின் வேறுபாட்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். அந்நாளில் அது ஐந்தாண்டுக்கு, வட்டியுடன். 2019-இல் மூன்றாண்டாகக் குறைத்தனர், 2021-இல் வட்டியையும் நீக்கினர்.

எம் பிள்ளையின் அச்சத்தில் இவையெல்லாம் குழம்பிக் கிடந்தன. மாட்டைச் சில மாதம் அகற்றுவதையும் நிலத்தின் பயனையே மாற்றிவிடுவதையும் அவன் ஒன்றெனக் கொண்டிருந்தான். யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எம் தலைமையாசிரியை ஒருவர் அடிக்கடி சொல்வார், மாணவன் விடையைத் தவறாக எழுதினால் முதலில் அவன் வினாவைப் படித்தானா என்று பார் என்று. ஆதலின் மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு மதிப்பீட்டு அலுவலகம் சென்றோம். அங்கிருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார். வறட்சியில் மந்தையைக் குறைத்து நிலத்திற்கு ஓய்வு கொடுப்பது நல்ல பண்ணைக்காரன் செய்வதே. வட்டாரம் முழுவதும் மாடுகளைக் குறைக்கும்போது வழக்கமான அளவும் தானே குறையும். காரணத்தை எழுதிக்கொடுங்கள், மழைக்குப் பின் மீண்டும் மேய்ச்சலுக்கு விடும் எண்ணத்தையும் குறிப்பிடுங்கள் என்றார். ஆளுநர் அறிவித்த வறட்சியால் நிலம் வேளாண்மையின்றிக் கிடக்க நேர்ந்தாலும், வறட்சி நீங்கியபின் தொடரும் எண்ணம் உரியவர்க்கு இருந்தால் தகுதி போகாது என்று அம்மாநில வரிச் சட்டம் இன்று வெளிப்படையாகவே கூறுகிறது. நம் நாட்டில் 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததென அறிவித்து நிலவரியைத் தள்ளுபடி செய்தமை அன்பர்கட்கு நினைவிருக்கும். வானம் பொய்த்தமைக்கு உழவனைத் தண்டிக்கலாகாது என்பதை அரசுகளும் அறிந்தே உள்ளன.

அஃதாவது, அந்த எட்டுப் பசுக்களும் இரண்டு மாதம் பசித்து நின்றதற்குச் சட்டம் காரணமன்று. ஒருவன் கேட்டறியாமல் விட்டதே காரணம். அவன் கொடியவனா? அல்லன். எறும்புப் புற்றைக் கண்டால் வண்டியைத் திருப்புகிறவன். ஆயினும் இம்சையின் இலக்கணத்தில் பிரமத்த யோகம் என்ற சொல்லை முன்னோர் ஏன் வைத்தனர்? விழிப்பற்ற செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்றார்கள்; வெறுப்பு இருந்தால்தான் இம்சை என்று கூறவில்லை. மழையை நிறுத்தியவன் இவன் அல்லன். மழை நின்றதைக் கண்டபின், கம்பிவேலிக்குள் மாட்டை நிறுத்தியவன் இவன். வேலி இல்லையேல் அவை புல் தேடிப் போயிருக்கும். உணவு நீர் தடுத்தல் என்பது தொட்டியைக் கவிழ்ப்பது மட்டுமே என்று யாம் எண்ணியிருந்தோம். வேலி அடைத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் விடுவதும் அதுவே. பாரம் ஏற்றுதலும் இதில் உண்டு என்போம். அது மாட்டின் மேலன்று, மண்ணின் மேல் ஏறியது.

மண்ணைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். நெல்லை அறிந்த அளவிற்கு நம்மில் பலர் புல்லை அறியோம். கிரைடர் என்ற அமெரிக்க வேளாண்துறை அறிஞர் 1955-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புல்லின் இலையில் பாதிவரை கொய்தால் வேர் தன் வளர்ச்சியைத் தொடரும். பாதிக்கு மேல் கொய்யக் கொய்ய வேர் நின்றுவிடும். பத்தில் எட்டுப் பங்கைக் கொய்த புல்லின் வேர்கள் 12 நாள்களும், ஒன்பது பங்கைக் கொய்தவை 17 நாள்களும் வளராமல் நின்றன என்று அவர் கண்டார். பாதி எடு, பாதி விடு என்பது இன்றும் அந்நாட்டு மேய்ச்சல் நூல்களின் பாலபாடம். வறட்சியில் எல்லையைத் தாண்டி மேய்த்துவிட்டால், மழை வந்தபோதும் அதைப் பிடித்துவைக்க வேர் இராது, மண் கழுவிப்போகும். நல்ல புல்லின் இடத்தைக் களை பிடிக்கும். ஓராண்டு வரிக்காக ஒருவன் பத்தாண்டுப் புல்லை இழக்கக்கூடும். புல் ஓரறிவுயிர்; அதனடியில் புழு ஈரறிவுயிர்; எறும்பு மூவறிவுயிர். இல்லறத்தான் இவற்றை முற்றிலும் காக்க இயலாது என்பதை நம் அறநூல்கள் ஒப்புகின்றன. தேவைக்கு மேல் அழிக்காதே என்கின்றன. பாதி எடு, பாதி விடு என்பதை எம்மிடம் கேட்டிருந்தால் பரிமித பரிக்கிரகம் என்ற தலைப்பின்கீழ் எழுதியிருப்போம்.

நிற்க. எழுதிக்கொடுத்தாயிற்று, மாடுகளை அகற்றலாம் என்றாயிற்று. எம் பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. அகற்றினால் எங்கே போகும் என்று கேட்டோம். ஏலக்கொட்டகைக்கு. அங்கிருந்து? அவன் மீண்டும் விடை கூறவில்லை. அவ்வோராண்டில் டெக்சாஸில் ஈனும் இறைச்சி மாடுகள் ஏறத்தாழ 6 லட்சத்து 60 ஆயிரம் குறைந்தன. சில புல்லுள்ள வேறு மாநிலங்களுக்குச் சென்றன. பல கசாப்புக்குச் சென்றன. வறண்ட நிலத்தில் நிறுத்தினால் பசி, வெளியேற்றினால் கத்தி. இதனைக் கண்டபோதுதான், அறிவுரை கூற வந்த எம் வாய் அடைத்தது.

அடைத்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு, இதுவரை எழுதாதது. யாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது எம் ஊரில் ஒரு வறட்சி. கிணறு வற்றியது, வைக்கோல்போர் கரைந்தது. எம் தந்தையார் உழவு மாடுகள் ஒரு சோடியைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றார். விடுமுறைக்கு வந்திருந்த யாமும் பேருந்து ஏற அவ்வழி செல்லவேண்டியிருந்ததால் உடன் சென்றோம். தரகரும் தந்தையாரும் துண்டின் கீழ் விரல் பிடித்து விலை பேசினர். விலை படிந்தபின் தந்தையார், “உழவுக்குத்தானே?” என்று கேட்டார். தரகர், “உழவுக்குத்தாங்க நயினார்” என்றார். தந்தையார் தலையசைத்துப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டார். ஊரெங்கும் உழவு நின்றுபோன ஆண்டில் உழவுக்கு மாடு வாங்குகிறவன் யார் என்று அவருக்குத் தெரியாமல் இராது. அவர் நாள்தோறும் ஜினாலயம் சென்றவர். நீரை வடிகட்டாமல் பருகாதவர். அவர் அக்கேள்வியைக் கேட்டது விடையை அறிவதற்கன்று. அப்பணத்தில் எம் பயிற்சிக் கட்டணமும் அடங்கியிருந்தது.

சங்கற்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என இம்சை நால்வகைப்படும். எண்ணித் துணிந்து செய்யும் சங்கற்பி இம்சையை இல்லறத்தான் அறவே விடவேண்டும், சமையலிலும் இல்லப் பணியிலும் நேர்வது ஆரம்பி, தொழிலில் நேர்வது உத்தியோகி, தற்காப்பில் நேர்வது விரோதி, இவற்றைக் குறைத்துக்கொள்ளவேண்டும். உழவை நமக்கு உரித்தாக்கிய பாகுபாடு இதுவே. ஏர் முனையில் புழு மடியும்; மடியவேண்டும் என்பது உழவன் எண்ணமன்று. ஆனால் கசாப்புக்கென்றே வளர்க்கும் மாட்டிற்குப் புல்லைக் குத்தகைக்கு விடுவது இவற்றுள் எதில் சேரும்? எம் பிள்ளை உத்தியோகி என்றான். அவன் தொழில் கணினி. மாடு அவனுக்குத் தொழிலன்று. மாடு அவனுக்கு வரிச்சீட்டு. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் முதலாவதை மட்டும் விலக்கிவிட்டு, மற்ற இரண்டையும் குத்தகைப் பத்திரத்தில் அவன் எழுதிக்கொடுத்துவிட்டான் என்பதே எம் கருத்து. தீங்கு வறட்சியில் தொடங்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளில் தொடங்கியது. நல்ல மழைக்காலத்தில் புல் அதை மூடியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். உழவில் நாட்டமே இல்லாமல், காலி மனையில் நான்கு மாடுகளையோ ஆடுகளையோ காட்டிற்காக நிறுத்திவைத்து வேளாண் மதிப்பீடு பெறுவோர் அங்கும் உண்டு. திருட்டுக்குரிய அதிசாரங்களுள் போலியை மெய்யென வழங்குதல் என்று ஒன்று உள்ளது. அரசின் முறைக்கு மாறாக நடத்தல் என்று மற்றொன்று. வாய்மைக்குரிய அதிசாரங்களுள் பொய்ப் பத்திரம் எழுதுதல் உள்ளது. மாடு நின்றால் போதும், மேய்ந்ததா இல்லையா என்பது வேண்டாம் என்று கருதியபோது எம் பிள்ளையும் இவற்றின் வாயிலில் நின்றான். வரியில் பெரும்பங்கு பள்ளிகளுக்குச் செல்கிறது என்று மேலே கூறினோம். 35 ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எமக்கு இது உறுத்தாமல் இராது. உழவன் குறைவாகக் கட்டுவது அவன் உரிமை. உழவன்போல் நடிப்பவன் குறைவாகக் கட்டியதை யாரோ ஓர் ஏழை வீட்டுக்காரன் ஈடு செய்கிறான்.

இதற்கு மாற்று உண்டா என்று அவன் தேடத் தொடங்கினான். உலர்புல் அறுத்து விற்கலாம். வறட்சியில் அறுக்க என்ன இருக்கிறது? தேனீ வளர்க்கலாம் என்றார் ஒரு நண்பர். 5 முதல் 20 ஏக்கர் வரையுள்ள நிலத்திற்கே அந்த விதி. இவன் நிலம் 40. பொருந்தியிருந்தாலும், கள், ஊன், தேன் மூன்றையும் விலக்கிய குடியில் பிறந்தவன் வரிக்காகத் தேன்கூடு வைப்பதோ என்று அவன் அன்னை தொலைபேசியிலேயே முடித்துவிட்டாள்.

1995-இல் அம்மாநில வாக்காளர் ஒப்புதல் பெற்ற ஏற்பாடு ஒன்று பின்னர் அவன் கண்ணில் பட்டது. ஏற்கெனவே வேளாண் மதிப்பீடு பெற்ற நிலத்தை, மாட்டிற்கு மாறாக அம்மண்ணின் காட்டுயிர்களைப் பேணும் நிலமாக மாற்றிக்கொள்ளலாம். வரி மதிப்பு மாறாது. வாழிடத்தைச் சீர்செய்தல், மண்ணரிப்பைத் தடுத்தல், கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்தல், கூடுதல் நீர் அளித்தல், கூடுதல் உணவு அளித்தல், உறைவிடம் அமைத்தல், உயிர்களைக் கணக்கெடுத்தல் என ஏழு பணிகளுள் மூன்றையேனும் செய்யவேண்டும். மூன்றாவதைப் படித்ததும் யாம் முகம் சுளித்தோம். ஏழில் மூன்றுதானே பெரியம்மா என்றான். நீர், உறைவிடம், கணக்கெடுப்பு ஆகிய மூன்றையும் தேர்ந்து, திட்டம் எழுதிக்கொடுத்தான். 2013 முதல் அவன் நிலத்தில் குத்தகை இல்லை. பறவைக்கெனத் தரையோடு நீர்த்தொட்டிகள் வைத்தான். மரங்களில் கூட்டுப்பெட்டிகள் கட்டினான். ஆண்டுக்கு இத்தனை காடை, இத்தனை மான் என்று ஏட்டில் எழுதுகிறான். அண்டை நிலத்தார் அதே ஏற்பாட்டில் மானை வேட்டையாடுகின்றனர். சட்டம் அதைத் தடுப்பதில்லை. இவன் நிலத்தில் வேட்டைக்கு இடமில்லை.

இதைக் கேட்டு மகிழ்ந்தோம் என்பது மெய். ஆயினும் எதை வென்றோம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு பசுவும் இதனால் பிழைக்கவில்லை. பண்ணைக்காரர் வேறிடத்தில் புல் தேடிக்கொண்டார். நம் கை கழுவப்பட்டது, அவ்வளவே. கை கழுவுவதும் வேண்டியதே என்பது எம் கட்சி. செய்வித்தல், உடன்படுதல் இரண்டையும் விடுவது சிறிய செயலன்று. ஆனால் அதையே கருணை என்று எண்ணிவிடலாகாது. நம் வீடுகளில் பால்சுரப்பு நின்ற பசுவை இன்று யார் வைத்துக்கொள்கிறார்கள்? தரகரிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது டெக்சாஸ்காரனைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை. மேலும், 40 ஏக்கர் அவனுக்கு எதற்கு என்ற வினாவை யாம் அவனிடம் இன்றுவரை கேட்டதில்லை. பரிக்கிரக பரிமாணத்தில் முதலில் அளவிடச் சொன்னது வயலையும் வீட்டையும். பாட்டனார் காணிக்கு ஈடு என்று அவன் சொல்லும்போது எமக்கும் நெஞ்சு இளகிவிடுகிறது.

2022-இல் மீண்டும் வறட்சி. அவ்வாண்டு ஆடியிலேயே ஏலக்கொட்டகைகளின் முன் மாட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. அந்நாட்டு மாட்டுத்தொகை அதன்பின் குறைந்துகொண்டே வந்து, 2025 சனவரியில் 8 கோடியே 67 லட்சமாக, 1951-க்குப் பின் காணாத அளவிற்கு இறங்கியது. அவ்வாடியில் ஒருநாள் பின்னிரவில் அவன் தொலைபேசியில் அழைத்தான்.

“பெரியம்மா, பத்தாண்டாக மேயாத நிலம். இந்த வறட்சியிலும் இங்கே முழங்கால் அளவு புல் நிற்கிறது. அந்தப் பண்ணைக்காரர் வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு கேட்கிறார். அவருடைய மாடுகள் பழையபடி எலும்பாகிவிட்டன. விடவா, வேண்டாமா?”

யாம் உடனே விடை கூறவில்லை. விட்டால், கசாப்புக்கென வளர்க்கும் மாட்டிற்கு மீண்டும் புல் கொடுத்தவனாவான். விடாவிட்டால், புல்லை வைத்துக்கொண்டு பசித்த உயிரை வேலிக்கு வெளியே நிறுத்தியவனாவான். ஐந்தாம் அதிசாரம் இம்முறை வேலியின் மறுபுறத்திலிருந்து வரும். தானத்துள் ஆகார தானத்தை, பெறுகிறவன் நாளை என்ன ஆவான் என்று கேட்டபின் இடச் சொன்னார் எவருமிலர். யாம் கூறியது இது: குத்தகை வாங்காதே, வரிக் கணக்கில் இதை எழுதிப் பயன் கொள்ளாதே, புல் பாதி ஆகும்வரை விடு, பறவைத் தொட்டியில் மாடு வாய் வைக்காமல் தனியே நீர் காட்டு. அறநூல் வல்லார் இதனை மறுக்கக்கூடும். மறுத்து எழுதினால் இவ்விதழிலேயே கற்றுக்கொள்வோம்.

பன்னிரண்டு மாடுகள் ஆறு வாரம் மேய்ந்தன. புல்லில் பாதி தீர்ந்ததும் அவன் சொன்னபடி பண்ணைக்காரர் ஓட்டிச் சென்றார். போகும்போது கைபிடித்து நன்றி கூறினாராம். செப்டம்பரில் அங்கே கொஞ்சம் மழை பெய்தது. அருகு தளிர்த்துவிட்டதென்று படம் எடுத்து அனுப்பியிருந்தான். அம்மாடுகள் பின்னர் என்ன ஆயின என்று அவன் சொல்லவில்லை. எம் தந்தையார் தரகரிடம் ஒரு கேள்வியேனும் கேட்டார். யாம் அதுவும் கேட்கவில்லை.